குண்டானுக்குப் போடு

அன்றைக்கு மண்டபத்துப் பின்கட்டில் இருந்தவர்கள்: சமையல் மாஸ்டர், சாம்பார் ஊற்றும் செல்வி, ரசம் ஊற்றும் நான், பாயசம் ஊற்றும் அக்கா. பாத்திரம் தேய்க்கிற பெரியம்மாவும் இருந்தது, ஆனால் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டது. தூங்குகிறவரை இருந்தவராகச் சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சேர்த்துவிடுகிறேன். விட்டால் பிறகு அதையே நினைத்துக்கொண்டு இருப்பேன்.

நான் அப்படித்தான். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பஸ் ஏறிய பிறகு யோசிக்கிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதிலிருந்தே, படித்தவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் போய் அதனால் பெரிய தப்பு நடக்கப்போகிறது என்று ஒரு பயம். நான் வேலை செய்த இடங்களில் அந்தப் பயம் கொஞ்சம் கம்மியாக இருந்தது அக்காவின் பக்கத்தில்தான். ஏனென்றால் அக்காவிடம் எதுவும் தீர்ந்துபோகாது. எதைக் கேட்டாலும் அடியில் கொஞ்சம் இருக்கும்.

இப்போது நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். அக்காவைப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. பெயரை எழுதவில்லை. எழுதினால் அதுக்குக் கோபம் வரும்.

வேங்கிக்கால் பக்கத்து மண்டபங்களில் பரிமாறுகிற பெண்கள் டீம் எங்களுடையது. எல்லோருக்கும் ஒரே மெரூன் சேலை, தலையில் வலைத்தொப்பி. பந்தி உட்கார்ந்ததும் நாங்கள் முதல் இலையில் தொடங்குவோம். அக்கா தொடங்காது. வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைசி இலை வரை நடக்கும். அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்கும். திரும்பி வந்துதான் முதல் இலையில் கரண்டியைச் சாய்க்கும். அதுவும் முழுக் கரண்டி கிடையாது.

"அவ்ளோதானாம்மா?" என்று யாராவது கேட்டால், "இன்னும் பந்தி இருக்குது சாமி" என்னும்.

ஒரு பெரியவர் விடவில்லை. "நான் இருக்கறப்பவே ஊத்தும்மா. நான் போன அப்புறம் ஊத்தி எனக்கு என்னா புண்ணியம்?" என்றார். பக்கத்து இலைகளெல்லாம் சிரித்தன. அக்காவும் சிரித்தது. ஆனால் கரண்டி சாயவில்லை.

மாஸ்டருக்கு இது ஆகாது. "உன் கையில பாயசத்தைக் குடுக்கறதும் ஒண்ணு, லாக்கர்ல வைக்கறதும் ஒண்ணு. நான் நெய்யும் முந்திரியும் போட்டு எறக்கறேன், நீ அதை வெயில் காட்டாம வெச்சிருக்க" என்று கத்துவார். கடைசிப் பந்தி எழுந்த பிறகு பாத்திரத்தில் எப்போதும் பாயசம் மீந்திருக்கும். அதைத் தூக்கிக் காட்டுவார்.

"பத்தாம போயிருந்தா?" என்னும் அக்கா.

"பத்தாம போச்சா?"

"போயிருந்தா?"

பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு அவர் அடுப்புப் பக்கம் போய்விடுவார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். நான் நாள் முழுக்க எனக்குள் கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது. ஆனால் நான் கேட்டுக்கொண்டு நடுங்குவேன். அக்கா கேட்டுவிட்டு எடுத்து வைத்துக்கொள்ளும்.

அக்காவின் வீடு அடி அண்ணாமலையில். பௌர்ணமி அன்று முகூர்த்தம் வந்தால் வண்டி எதுவும் ஓடாது, கிரிவலம் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்துதான் போக வேண்டும். ஒரு தடவை வேலை முடிந்து அக்காவுக்குத் துணையாக நானும் நடந்தேன். அன்றைக்கு நல்ல வெயில், தார் ரோடு காலைச் சுட்டது. அக்காவின் கையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. நாக்கு வறண்டு பேச்சே குழறுகிறது, ஒரு மடக்குக் குடிக்கவில்லை. "குடிங்கக்கா" என்றேன். "வீடு வரைக்கும் வேணுமில்ல" என்றது. வீடு வந்தது. பாட்டிலைத் திறந்து குடத்தில் ஊற்றிவிட்டு, அந்தக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு எனக்குக் கொடுத்தது. அப்புறம்தான் தான் குடித்தது. நான் சிரித்ததற்கு, "இன்னாடி இளிக்கற? வழியில மயக்கம் வந்து விழுந்திருந்தா யாரு குடுத்திருப்பா?" என்று கோபித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்காமல் போனால்தான் மயக்கம் வரும் என்று நான் சொல்லவில்லை.

போனையும் அப்படித்தான் வைத்திருந்தது. சார்ஜ் தீர்ந்துவிடும் என்று பாதி நேரம் அணைத்தே வைத்திருக்கும். அப்படிப்பட்ட அக்காவுக்குப் போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தது அதன் ஒரே பையன். பந்திக்கும் பந்திக்கும் நடுவே, கவிழ்த்த அண்டா மேல் உட்கார்ந்து விளையாடும். அதைப் பார்த்து செல்வி சேர்ந்தாள், செல்வியைப் பார்த்து நான் சேர்ந்தேன்.

விளையாட்டு ஒன்றும் கஷ்டமில்லை. முட்டையிலிருந்து விதவிதமான பிராணிகள் பொரிந்து வரும். அதுகளுக்குக் கல்லைத் தின்னக் கொடுத்தால் பலம் ஏறும். முதலில் ஒரே கல்லில் ஒரு படி ஏறிவிடும். மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் முன்னைவிட ஜாஸ்தியாகக் கேட்கும். கல் வேண்டுமென்றால் சண்டையில் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கப் பலம் வேண்டும். பலத்துக்குக் கல் வேண்டும். இது போக, தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் நாளுக்கு ஒரு பெட்டி அனுப்பலாம், நாம் ஜெயித்த கல்லிலிருந்து எடுத்து. வந்த பெட்டி ஒரு பையில் போய் உட்காரும். அதைத் திறந்தால் உள்ளே இருக்கிற கல்லை அப்போதே ஏதாவது ஒரு பிராணிக்குப் போட்டாக வேண்டும். திறந்து கையில் வைத்துக்கொள்கிற பேச்சே இல்லை.

செல்வி எல்லாவற்றையும் ஒரே ஒரு சிங்கமூஞ்சிக்குப் போடுவாள். அது ஜெயிக்கிற வரை ராணி மாதிரி இருப்பாள், அது தோற்றால் அன்றைக்கு சாம்பாரில் உப்பா காரமா என்றுகூடச் சொல்லத் தெரியாது அவளுக்கு. நான் எல்லாவற்றுக்கும் சமமாகப் போடுவேன். ஒன்றுக்குப் போட்டால் மற்றது என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதனால் என்னுடையது எல்லாமே பாதி வளர்ந்து நின்றுபோனவை. அக்கா எதற்குமே போடாது. பெட்டி வரும், எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளும்.

"போட்டாத்தானேக்கா ஜெயிக்கலாம்?" என்றால், "தோத்தா தோக்கட்டும். பொட்டி இருக்குதில்ல" என்னும்.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தது. ஆமை மாதிரி ஓட்டோடு உருண்டையாக இருந்தது குண்டான். நீள மூக்குக்காரன் கரண்டி. இறகு வைத்து, ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி மெல்லிசாக ஒன்று இருந்தது, அது அப்பளம். அப்பளம் பையன் கொடுத்தது. சண்டைக்கு இறக்கினால் முதல் அடியிலேயே நொறுங்கிவிடும். அக்கா அதை "அடடா, போடா கண்ணு, போய்ப் படு" என்று கொஞ்சித் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

இங்கே பையன் கல்யாணத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஊர் கல்யாணத்துக்கெல்லாம் பரிமாறின அக்கா, தன் பிள்ளை கல்யாணத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. சமையலும் பந்தியும் எங்கள் டீம்தான். கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்தது. பிறகு எழுந்து எட்டிப் பார்த்தது. பிறகு இலை வரிசைக்கே வந்துவிட்டது. "அவ ஊத்தறது சரியில்ல, குடு இங்க" என்று பாயச வாளியை வாங்கிக்கொண்டது. "யக்கா, மாப்பிள்ளைக்கு அம்மா நீ, போய் உக்காரு" என்று செல்வி சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நடக்கவில்லை.

சம்பந்திவீட்டார் பந்தி அது. அக்கா கடைசி இலை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெண்ணின் அப்பா இலையில் ஊற்றியது. நல்ல மனுஷர். ருசித்துவிட்டு, "பாயசம் ரொம்ப நல்லா இருக்குதுங்க சம்பந்தி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

அக்காவின் வாய் தானாகச் சொன்னது. "இன்னும் பந்தி இருக்குதுங்க."

நான் ரச வாளியோடு பக்கத்தில்தான் நின்றேன்.  அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் அவர் பக்கத்துப் பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள். சாயங்காலம் கை கழுவப் பின்பக்கம் வந்த அதே மனுஷர், அண்டாவில் பாதிக்கு நின்ற பாயசத்தைப் பார்த்துவிட்டார். அதுதான் ஆறவில்லை அவர்களுக்கு. அக்கா சுடுசொல் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பார்கள்.

பையன் அம்மாவிடம் சண்டை போடவில்லை. "எனக்குக் கூடவா உனக்குக் கை வர்ல?" என்று மட்டும் கேட்டான். பெண்டாட்டியோடு ஓசூருக்குப் போய்விட்டான். அங்கே ஏதோ கம்பெனியில் வேலை. போன் இல்லை, வரவு போக்கு இல்லை. ஆனால் விளையாட்டில் மட்டும் நாள் தவறாமல் ஒரு பெட்டி வந்துகொண்டிருந்தது. அதன் மேல் அவன் பெயர் இருக்கும். அக்கா காலையில் போனை ஆன் பண்ணி, பெட்டி வந்ததைப் பார்த்துவிட்டு, மறுபடி அணைத்துவிடும். அதுதான் அன்றைக்கு அவன் நல்லபடியாக எழுந்தான் என்பதற்கு அடையாளம். அந்தப் பெட்டியை அக்கா எப்படித் திறக்கும்?

இப்போது அந்த மதியத்துக்கு வருகிறேன். முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அண்டா மேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வர்லடி" என்றது.

"என்னாக்கா வர்ல?"

"அவன் பொட்டி. கொஞ்ச நாளாவே வர்ல."

"மறந்திருப்பான்க்கா. வேல ஜாஸ்தியா இருக்கும்" என்றாள் செல்வி, பூரியை மென்றுகொண்டே.

"என்கிட்ட பேசாத பையன், பொட்டிய மட்டும் ஒரு நாள் கூட மறக்கல. இப்ப மறந்துட்டானா?" அக்கா போனை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தது. "அவ்ளோதான் போல. இதுவும் நின்னுபோச்சு."

அக்கா அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் அடியில் ஒன்றும் இல்லாமல் அக்காவை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.  "குடுங்கக்கா பார்க்கறேன்" என்று போனை வாங்கினேன்.

அக்காவுக்குத் தமிழ் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. எனக்கு எழுத்துக் கூட்ட வரும். பையின் படத்துக்கு மேலே சிவப்பாக நாலு எழுத்து இருந்தது. கூட்டிப் படித்தேன். தப்பாகப் படித்து ஏதாவது சொல்லித் தொலைக்கப் போகிறேனே என்று மறுபடியும் கூட்டினேன்.

"ஃபுல்லுனு போட்டிருக்குதுக்கா."

"என்னா ஃபுல்லு?"

"பை. பை நெறஞ்சிடுச்சு. இனிமே பொட்டி வைக்க எடம் இல்ல."

செல்வி மெல்லுவதை நிறுத்தினாள். "ஐயையோ. அப்ப அது திரும்பிப் போயிருக்கும்க்கா. எனக்கும் ஒரு தடவை ஆச்சு. எங்க அண்ணன் பொண்ணு போன் பண்ணி, ஏன் அத்த நான் குடுத்தத திருப்பி அனுப்பறன்னு ஒரே சண்டை. அவங்க போன்ல, நீங்க குடுத்தத இவங்க வாங்கலனு காட்டுமாம்."

"நான் வாங்கலனு காட்டுச்சா?" என்றது அக்கா.

செல்வி தலையை ஆட்டினாள்.

"தெனமுமா?"

"அனுப்பின அன்னைக்கெல்லாம் காட்டியிருக்கும்க்கா."

அடுப்பண்டை நின்ற மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பாயசத்துல பண்ணது பத்தாதுன்னு போன்லயும் பண்ணிட்டியா நீ?" என்றார். சொன்ன பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். உடனே திரும்பிக்கொண்டு, கொதிக்காத சாம்பாரைக் கிண்ட ஆரம்பித்தார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தது. "எப்படிடி காலி பண்றது?"

"தொறந்து தொறந்து எதுக்காவது போடணும்க்கா. வேற வழி இல்ல. ஆனா காலி பண்ணாலும் அவன் இனிமே அனுப்பணுமே" என்றாள் செல்வி. "எல்லாத்தையும் அப்பளத்துக்கே போடு. அவன் குடுத்ததாச்சே. பார்த்தான்னா குளுந்துடுவான்."

"ஆளுக்குக் கொஞ்சம் போடலாம்க்கா. அப்ப எதுவும் வீணாகாது" என்றேன் நான்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. அது கடைசி இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அவன் அனுப்ப மாட்டான். இனிமே நான்தான் அனுப்பணும். அனுப்பணும்னா கல்லு வேணும், கல்லு வேணும்னா ஜெயிக்கணும். அப்பளத்துக்குப் போட்டா என் மனசு நெறையும், சண்டையில நொறுங்கிடும். நீ சொல்ற மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் போட்டா ஒண்ணும் தேறாது. அடி வாங்கினாலும் நிக்கறது அந்த ஆமைதான். குண்டானுக்குப் போடு."

அதற்குள் "பந்தி உக்காந்தாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தது. செல்வியும் எழுந்தாள். "நீ இருந்து போட்டுட்டு வா. ரசத்துக்கு இன்னும் நேரம் இருக்குது" என்று போனை என் மடியில் வைத்துவிட்டது அக்கா.

"நானாக்கா? எல்லாத்தையுமா? ஒண்ணு ரெண்டு வெச்சிக்கலாமேக்கா."

"எல்லாத்தையும்."

இன்னொருத்தி சேர்த்து வைத்ததை என் கையால் தீர்ப்பதா?  ஒரு பெட்டியைத் தொட்டேன். அவன் பெயர் வந்தது, மூடி திறந்தது, கல் விழுந்தது, குண்டான் வாயைத் திறந்து தின்றது. அடுத்த பெட்டியிலும் அவன் பெயர். அதற்கடுத்ததிலும். எத்தனை காலை அவன் எழுந்து, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் இதை அனுப்பியிருப்பான்! குண்டானின் ஓடு பச்சையாகி, நீலமாகி, முள் முளைத்துப் பெரிதாகியது. போகப் போக ஒரு படி ஏறவே நிறையப் பெட்டி தின்றது. நிறுத்திவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. "எல்லாத்தையும்" என்று சொன்னது காதில் இருந்தது. கடைசிப் பெட்டியையும் திறந்துவிட்டு ரச வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பந்தியில் அக்கா எப்போதும் போலத்தான் ஊற்றிக்கொண்டிருந்தது. யாரோ இன்னும் கேட்டார்கள். "பந்தி இருக்குது சாமி" என்றது. நான் நினைத்துக்கொண்டேன், இது மாறாது.

பந்தி முடிந்து வந்து போனை வாங்கிப் பார்த்தது. "காலியா?" என்றது. "காலிக்கா" என்றேன். பையின் படத்தைத் தேய்த்து வைத்த பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. பிறகு குண்டானைச் சண்டைக்கு இறக்கியது. எதிரி அடித்தான், அடித்தான், குண்டான் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நின்றது. கடைசியில் எதிரியே களைத்துப்போய்விட்டான். அக்கா ஜெயித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. செல்வி போட்ட கூச்சலில் பெரியம்மா விழித்துக்கொண்டு, "யாரு, மாப்பிள்ள வந்துட்டாரா?" என்று கேட்டது. கிடைத்த கல்லை அப்படியே பெட்டியில் வைத்துப் பையனுக்கு அனுப்பியது அக்கா.

அதிலிருந்து தினமும் ஜெயித்து தினமும் அனுப்பியது. நாங்கள் சேர்வது முகூர்த்த நாட்களில்தான். ஒவ்வொரு தடவையும் நான் போய்ச் சேர்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன். பெட்டி எதுவும் திரும்பி வரவில்லை. ஆனால் அவன் பெயருக்குப் பக்கத்தில் அக்கா அனுப்பிய பெட்டிகள் எல்லாம் மூடியபடியே காட்டின. ஒன்றைக்கூட அவன் திறக்கவில்லை.

ஆவணியில் ஒரு நல்ல முகூர்த்தம். அதே பின்கட்டு. எனக்குத் தாங்கவில்லை. "கோவம் போவலையோக்கா? அதான் தொறக்கலையோ?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அடிப் போடி பயந்தாங்கொள்ளி. எம் புள்ளடி அவன். தொறப்பானா? வெச்சிக்கினு இருக்கான்."

அப்படி ஒரு சிரிப்பை நான் அக்காவிடம் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன்டி, அவன் பைக்கும் அளவு இருக்குமில்ல?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான்க்கா."

"அப்ப அதுவும் நெறஞ்சிடுமே."

 அக்கா விளையாட்டை மூடியது. எண்ணைத் தேடி எடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு தொடாத எண். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தது. மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. நின்றது.

"டேய்" என்றது அக்கா. நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. "பையி நெறஞ்சிடப் போவுதுடா. எடுத்து எதுக்காவது போடு."

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. "உம்" என்றது. கொஞ்சம் விட்டு, மறுபடி "உம்" என்றது. அப்புறம், "குடு அவகிட்ட, பேசறேன்" என்றது.

"பந்தி உக்காந்தாச்சு, பாயசம் எங்க?" என்று மாஸ்டர் கத்தினார். வாளியை நான் தூக்கினேன். ரசத்துக்கு செல்வி வந்தாள். எனக்குப் பாயசம் ஊற்றிப் பழக்கமில்லை. எந்த இலைக்கு எவ்வளவு என்று யோசித்தபடியே நடந்தேன். கடைசி இலை வரை போய்ப் பார்த்துவிட்டு வர எனக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. முதல் இலையிலேயே ஒரு அம்மாள், "இன்னொரு கரண்டி ஊத்தும்மா" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

ஊற்றினேன். பந்தி நீளமாகத்தான் இருந்தது.